நாலு லீற்றர் போக, ஏழு லீற்றர் வர

அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கிடக்கிற கடல், தீவை விட்டுப் போகிறவர்களுக்கு நாலு கிலோமீற்றர், தீவுக்கு வருகிறவர்களுக்கு ஏழு கிலோமீற்றர். வள்ளக்காரர்கள் போகும்போது நாலு லீற்றர் டீசல் ஊற்றுவார்கள், வரும்போது ஏழு லீற்றர் ஊற்றுவார்கள். டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் சரி, தாராளமாகக் கிடைத்த காலத்திலும் சரி, இந்த நாலும் ஏழும் மாறியதில்லை. காற்றின் வேலை என்று சொல்வதற்கில்லை. சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் ஒரே அளவுதான். நீரோட்டம் என்றும் சொல்வதற்கில்லை. நீரோட்டம் நாளுக்கு நாலு முறை மனம் மாறும், இந்தக் கடல் மாறாது. தண்ணீரைத் தொடாமல் போகிறவற்றுக்கு இந்தச் சட்டம் கிடையாது. காகம் போகவும் வரவும் ஒரே நேரந்தான் எடுக்கும், கைத்தொலைபேசியில் பேசுகிற பேச்சும் அப்படித்தான். தண்ணீரில் பட்டதெல்லாம் போகச் சுருக்கு, வர நீளம். வெள்ளைக்காரன் காலத்தில் அளக்க வந்த சர்வேயர் ஒருவர் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் அளந்து, இரண்டு கணக்குக் கிடைக்க, தலையில் வெயில் ஏறிவிட்டது என்று நினைத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஐந்தரை என்று படத்தில் போட்டுவிட்டுப் போனார். படத்தைப் பார்த்து ஒருவரும் வள்ளம் ஓட்டுவதில்லை என்பதால், அதைத் திருத்தச் சொல்லி ஊரும் மனுப் போடவில்லை.

படத்தைப் பார்த்து வேலை செய்தது, தீவுக்குக் கடலுக்கடியால் மின்சாரம் கொண்டுவந்த கம்பனி மட்டுந்தான். ஐந்தரைக் கிலோமீற்றர்க் கம்பியைப் பெரிய உருளையில் சுற்றிக்கொண்டு ஊர்காவற்றுறையிலிருந்து கடலில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பி முடிந்தபோது தீவு இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி நின்றது. இழுத்துச் சுற்றிக்கொண்டு, இந்த முறை தீவின் பக்கம் தொடங்கி இறக்கினார்கள். ஊர்காவற்றுறைக் கரையில் கால் வைத்தபோது ஒன்றரைக் கிலோமீற்றர் மிச்சம் இருந்தது. அறிக்கையில் அளவுப் பிழை என்று எழுதினார்கள். மிச்சக் கம்பி வளையம் வளையமாகக் கரையில் கிடக்கிறது, அதன்மேல் வலை காய்கிறது. அந்தக் கம்பிக்குள்ளேயே மயிரளவு தடிப்பில் இரண்டு கண்ணாடி இழைகளும் இருந்தன. ஒன்றில் போகிற சேதி, மற்றதில் வருகிற சேதி. சேதி என்றால் வெளிச்சம்.

தீவின் பக்கத்தில் இந்தக் கம்பி வந்து ஏறுகிற சின்னக் கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் மீனலோசனி. நாற்பத்தெட்டு வயது. வவுனியாவில் மின்வேலை படித்துச் சான்றிதழ் எடுத்தவள். அவளுக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது தீவே எழும்பி ஓடவேண்டிய நாள் ஒன்று வந்தது. தாய் தகப்பனோடு வள்ளத்தில் ஏறினாள், அரை மணித்தியாலத்தில் அக்கரை. திரும்பி வரப் பத்தொன்பது வருடம் பிடித்தது. அவளுடைய சித்தப்பா குடும்பத்துக்கு இருபத்திரண்டு. பக்கத்து வளவுக்காரர் கனடாவைச் சுற்றிக்கொண்டு இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். கடல் இந்தப் பழக்கத்தை அப்போதுதான் பழகியது என்று சிலர் சொல்வதுண்டு. சர்வேயரின் கதை தெரியாதவர்கள் சொல்வது அது. எப்படியோ, தீவில் ஒருவர் வெளியே போகிறார் என்றால் மற்றவர்கள் "எப்ப போறியள்" என்று கேட்பதில்லை. போவது என்ன பெரிய காரியம். "எப்ப வருவியள்" என்றுதான் கேட்பார்கள், கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

அவள் புருசன் தியாகலிங்கம், இடம்பெயர்ந்த காலத்தில் பதினான்கு வருடம் கல்லுடைக்கிற ஆலையில் வேலை செய்தவர். ஆலைத் தூசி அவருக்குள்ளே இறங்கி, அவருடைய நுரையீரலை வீடாக்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. தீவுக்குத் திரும்பிப் பத்து வருடத்துக்குப் பிறகு மாடிப்படி ஏற மூச்சு முட்டியது, பிறகு வாசற்படி ஏற, பிறகு சேட்டுப் போட. பெரியாஸ்பத்திரி டொக்டர் ஒட்சிசன் மெசின் ஒன்று எழுதிக் கொடுத்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு பெட்டியாக நின்று, சுவரிலிருந்து மின்சாரத்தை இழுத்து, மூக்குக் குழாய்வழியே அவருக்கு மூச்சைக் கொடுத்தது. "எனக்கு இப்ப இரண்டு பெண்சாதி. ஒண்டு சமைக்கும், ஒண்டு மூச்சு விடும்," என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்த பிறகு கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு காவல் பெட்டி இருந்தது. அவற்றின் வேலை சின்னது. ஊர்காவற்றுறைப் பெட்டி, இந்தக் கணத்தில் இவ்வளவு மின்சாரம் அனுப்பினேன் என்று சொல்லும். அனலைதீவுப் பெட்டி, அதே கணத்தில் இவ்வளவு வந்தது என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால், வழியில் எங்கோ கம்பி வெடித்து மின்சாரம் கடலுக்குள் போகிறது, மீனவர் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, இரண்டும் கதவை அடித்துச் சாத்திவிடும். நல்ல எண்ணந்தான். ஆனால் மின்சாரம் ஒரு செக்கனுக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிற சாமான். இரண்டு பெட்டியும் ஒரே கணத்தில் பார்த்தால்தான் ஒரே அளவு தெரியும். இரண்டு மணிக்கூடும் ஒரு மைக்ரோசெக்கனுக்குள், அதாவது ஒரு செக்கனைப் பத்து லட்சமாக வெட்டினால் வருகிற ஒரு துண்டுக்குள், ஒத்து நிற்க வேண்டும். ஊர்காவற்றுறை மணிக்கூடு வானத்துச் செய்மதியிடம் நேரம் கேட்டுக்கொண்டது. தீவிலும் அப்படி நேரம் வாங்குகிற வாங்கிக் கருவி ஒன்று இருந்தது, உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துருப்பிடித்து உதிர்ந்தது. புதியதற்கு அனுமதிக் கடிதம் எங்கோ ஒரு மேசையில் இருந்தது. ஆகவே தீவு, கண்ணாடி இழைவழியே ஊர்காவற்றுறையிடம் நேரம் கேட்டுக் கேட்டு ஓடியது.

ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. நாளுக்கு ஐந்து முறை, ஆறு முறை, பெட்டிகள் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்தின. மறுபடி திறக்க, மீனலோசனி ஊர்காவற்றுறையோடு பேசி, இரண்டு பக்கமும் பார்த்து, ஆளிச் சுவிட்சைப் போடப் பதினொரு நிமிடம் பிடிக்கும். அந்தப் பதினொரு நிமிடம் வீட்டில் மெசின் நிற்கும். அந்தரம் அவசரத்துக்கென்று ஒரு ஒட்சிசன் சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த வீட்டு மாக்கிறேற், அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து அதைத் திறப்பாள். கரண்ட் நின்றால் மீனலோசனி எங்கே ஓடவேண்டும் என்பதுதான் பொல்லாத கேள்வி. வீட்டுக்கு ஓடினால் மனுசனுக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கரண்ட் வராது. ஆகவே அவள் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடத்துக்கு ஓடினாள். அப்படி ஓடுகிற ஒவ்வொரு முறையும் தன்மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

கம்பனி ஒரு கடிதம் அனுப்பியது. மாத முடிவுக்குள் இந்தத் தடை நிற்காவிட்டால் கம்பியை மூடிவிட்டு, முந்தி மாதிரி மாலையில் ஆறு மணித்தியாலம் டீசல் எஞ்சின் ஓட்டப்படும் என்றிருந்தது. மற்றவர்களுக்கு அது மின்விசிறிப் பிரச்சினை. தியாகலிங்கத்துக்கு, தீவில் இருப்பதா இல்லையா என்கிற பிரச்சினை. நல்லூரில் இருக்கிற அவருடைய தமக்கை நாகபூசணி அறை ஒதுக்கி, கட்டில் போட்டு, யன்னலுக்குத் திரைச்சீலையும் தைத்துவிட்டாள். மீனலோசனிக்கு வேலையை விட்டுப் போக முடியாது, மெசினும் மருந்தும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின. அவர் போவார், அவள் நிற்பாள். அவர் அரை மணித்தியாலத்தில் போய்விடுவார். திரும்பி வரப் பத்தொன்பது வருடம் அவரிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மாதத்தின் இரண்டாம் கிழமை டெனிஸ்ரன் வந்தான். ஊர்காவற்றுறைக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்து மூன்று வயது, கம்பனியில் வலையமைப்பு வேலை. வந்த அன்று மடிக்கணினியைக் கொழுவி, ஒரு மணித்தியாலம் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதிரையைத் திருப்பினான்.

"அக்கா, மணிக்கூட்டிலை பிழையில்லை. முத்திரை குத்திறவரிலைதான் பிழை."

"ஆர் தம்பி முத்திரை குத்திறது?"

"ஒரு கடிதம் இறங்குதுறையிலை வந்திறங்கின நேரத்தைப் போடாமல், கந்தோரிலை இருக்கிறவர் தேத்தண்ணி குடிச்சு முடிச்சுக் குத்தின நேரத்தைப் போட்டால், கடிதம் எப்ப வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? உங்கடை கணினி அதைத்தான் செய்யுது. நேரச் சேதி வந்து வாசலிலை நிக்கும். மென்பொருள் தன்ரை மற்ற வேலையெல்லாம் முடிச்சுப்போட்டு ஆறுதலாய் வந்து, இப்பதான் வந்ததெண்டு எழுதும். ஒருக்கால் கெதியாய் வரும், ஒருக்கால் பிந்தி வரும்."

"அப்ப ஆர் குத்த வேணும்?"

"இழை வந்து ஏறுற வாசலிலையே ஒராள் நிண்டு குத்த வேணும். அந்த ஆள் கணினியின்ரை வலையமைப்பு அட்டைக்குள்ளையே இருக்கிறார் அக்கா. வாங்கேக்கையே கூட வந்தவர். ஆரும் எழுப்பேல்லை."

எழுப்ப மூன்று நாள் பிடித்தது. முதலில் அந்த வலையமைப்பு அட்டையிடம், உன்னால் சேதிகளுக்கு நீயே நேரம் குத்த ஏலுமா என்று ஒரு கட்டளையில் கேட்டான். ஏலும், போகிறதற்கும் குத்துவேன், வருகிறதற்கும் குத்துவேன் என்று அட்டை பதில் சொன்னது. அதற்குள்ளே சொந்தமாக ஒரு மணிக்கூடும் இருந்தது. பிறகு பழைய இயக்கி மென்பொருளை மாற்றினான். அமைப்புக் கோப்பில், முத்திரை மென்பொருளின் பொறுப்பு என்றிருந்த வரியை அழித்து வன்பொருளின் பொறுப்பு என்று எழுதினான். அட்டையின் மணிக்கூட்டைப் பார்த்துக் கணினி தன் மணிக்கூட்டைத் திருத்திக்கொள்ள இன்னொரு சின்ன நிரலை ஓடவிட்டான். நடுவில் நின்று சேதிகளை வழிமாற்றிவிடுகிற ஆளிப் பெட்டியொன்றையும் பார்த்து, அதுவும் சேதியைத் தாமதிக்கிற நேரத்தைச் சேதியிலேயே எழுதி அனுப்பும்படி செய்தான். மூன்றாம் நாள் பின்னேரம், அதுவரை கடற்கரை நண்டு மாதிரி இங்கும் அங்கும் ஓடித் திரிந்த எண்கள் ஒரு இடத்தில் வந்து இருந்தன. டெனிஸ்ரன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். மீனலோசனி பிள்ளையாரை நினைத்தாள். அடுத்த நாள் காலையிலும் மத்தியானத்திலும் மின்சாரம் நிற்கவில்லை.

மாலை ஆறரைக்கு நின்றது. ஆறரை என்பது தீவு முழுக்க விளக்குப் போட்டு, தொலைக்காட்சி போட்டு, மீன் வாடியில் ஐஸ் மெசினும் ஓடத் தொடங்குகிற நேரம். மின்சாரம் கூடுதலாகப் பாய்கிறபோது சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். அடுத்த நாளும் ஆறரை. அதற்கடுத்த நாளும். முன்பு எந்த நேரம் நிற்கும் என்று தெரியாது, இப்போது ஆறரைக்கு என்று தெரிந்தது. வேறு வித்தியாசம் இல்லை. டெனிஸ்ரன் ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். முத்திரை சரி, இழை சரி, வாசல் சரி. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. மாக்கிறேற் ஆறரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் செபமாலையோடு இருக்கப் பழகிக்கொண்டாள்.

கடைசிக் கிழமை வந்தது. புதன்கிழமை தியாகலிங்கம் தானே முடிவெடுத்தார்.

"இஞ்சேரும், சனிக்கிழமை வள்ளத்துக்கு இன்னாசித்தம்பியிட்டைச் சொல்லிவிடும். முன்னுக்கு இடம் வேணும், அணியத்திலை காத்து வரும்."

"அவசரப்படாதேங்கோ. மாதம் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கு."

"நான் அவசரப்படேல்லை. நீர் ஒவ்வொரு நாளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுறதை என்னாலை பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. மூச்சு முட்டுறதை விட அது கஷ்டமாய்க் கிடக்கு."

அவள் அன்றிரவே ஒரு பையில் அவருடைய இரண்டு சாரமும் நாலு சேட்டும் வைத்தாள். அடுத்த நாள் காலையில் ஒரு சேட்டை எடுத்து, தோய்க்க வேண்டும் என்று சொல்லி வெளியே போட்டாள். அது தோய்த்த சேட்டுத்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் டெனிஸ்ரன் கட்டடத்து வாசலில் இருந்து, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி அவளுக்கு முழுவதையும் மறுபடி சொன்னான். ஊர்காவற்றுறை ஒரு சேதி அனுப்புகிறது, தீவு ஒரு சேதி அனுப்புகிறது. போக வர மொத்தம் எவ்வளவு நேரம் என்பது சரியாகத் தெரியும், ஐம்பத்தைந்து மைக்ரோசெக்கன். கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒரு கிலோமீற்றர் போக ஐந்து மைக்ரோசெக்கன் எடுக்கும், பதினொரு கிலோமீற்றருக்கு ஐம்பத்தைந்து, எல்லாம் சரி. அதிலே பாதி, இருபத்தேழரை. ஊர்காவற்றுறையின் நேரத்தோடு அந்த இருபத்தேழரையைக் கூட்டித்தான் தீவு தன் மணிக்கூட்டைத் திருத்துகிறது.

"ஏன் பாதி?" என்று மீனலோசனி கேட்டாள்.

"போகவும் வரவும் ஒரே தூரந்தானே அக்கா. அப்ப ஒரே நேரம் எடுக்கும் எண்டு..."

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். கடல் தன்பாட்டில் கிடந்தது. இன்னாசித்தம்பியின் வள்ளம் ஊர்காவற்றுறையிலிருந்து வந்துகொண்டிருந்தது, வந்துகொண்டே இருந்தது.

"வெளிச்சமெல்லோ அக்கா," என்றான் டெனிஸ்ரன் மெல்லிய குரலில். "கண்ணாடிக்குள்ளை, ரப்பருக்குள்ளை, இரும்புக்குள்ளை போகுது. வெளிச்சம் தண்ணியிலை படாதெல்லோ."

"கம்பி படுகுதே தம்பி. கடலுக்குள்ளைதானே கிடக்கு."

டெனிஸ்ரன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். வெளியூர் எஞ்சினியர் செய்திருந்தால் பிழை என்று மன்னிக்கலாம். அவனுடைய தகப்பன் இந்தக் கடலில் நாற்பது வருடம் வள்ளம் ஓட்டியவர், சின்ன வயதில் நாலு லீற்றரும் ஏழு லீற்றரும் அளந்து ஊற்றியவன் அவன்தான். கடல் வள்ளத்துக்குச் செய்வதை வெளிச்சத்துக்கும் செய்யும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊரில் மற்றவர்கள் அவனுக்கு இது தெரியும் என்று நினைத்து வாய் திறக்கவில்லை. ஊர்காவற்றுறைக்காரனுக்குப் போய்க் கடலைப் பற்றிச் சொல்வது யார். ஐம்பத்தைந்தைப் பதினொன்றால் பிரித்து நாலால் பெருக்கினால் இருபது, ஏழால் பெருக்கினால் முப்பத்தைந்து. நேரச் சேதி தீவுக்கு வர முப்பத்தைந்து எடுக்கிறது, அவர்கள் இருபத்தேழரை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தீவின் மணிக்கூடு ஏழரை மைக்ரோசெக்கன் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. முந்தி முத்திரை கண்டபடி ஆடியதில் இந்த ஏழரை கண்ணில் படவில்லை, ஆட்டம் அடங்கிய பிறகும் அது மட்டும் அசையாமல் நின்றது.

"ஏழரையோ," என்றாள் மீனலோசனி. "அவருக்கு ஏழரைச் சனி முடிஞ்சு ரெண்டு வருசம் எண்டு சாத்திரி சொன்னவர். மணிக்கூட்டிலை போய் இருந்திருக்கு."

அமைப்புக் கோப்பில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது: போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் வித்தியாசம் இருந்தால் எவ்வளவு என்று எழுதுகிற வரி. அதில் சுழியம் என்றிருந்தது. சுழியத்தை மாற்ற யாழ்ப்பாணத்தில் இருந்த மேலதிகாரி ஜெயரூபன் ஒப்பமிட வேண்டும். டெனிஸ்ரன் தொலைபேசியில் கேட்டான். ஜெயரூபன் கெட்டவர் இல்லை, ஆனால் கடல் கடக்காதவர்.

"ரெண்டு இழையும் ஒரே கம்பிக்குள்ளை ஐசே. ஒரே நீளம். வித்தியாசம் சுழியம். வேறை எண் போடுறதெண்டால் படிவத்திலை காரணம் எழுத வேணும்."

"காரணம் கடல் சேர்."

"கடலை எப்பிடி ஐசே காரணமாய் எழுதுறது?"

மீனலோசனி தொலைபேசியை வாங்கினாள். அவள் மேலதிகாரிகளிடம் குரல் உயர்த்துகிறவள் அல்ல, அன்றும் உயர்த்தவில்லை. "சேர், சனிக்கிழமை என்ரை அவரை வள்ளத்திலை ஏத்தப் போறன். அதுக்கு முதல் ஒருக்கால் இஞ்சை வந்து பாருங்கோ. வந்து பாத்துப்போட்டுச் சுழியம் எண்டு சொன்னால் நான் ஏத்திவிடுறன்," என்றாள். ஜெயரூபன் காலையில் வருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயரூபன் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இன்னாசித்தம்பியின் வள்ளத்தில் ஏறினார். பாதி வழியில், ஏன் மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். "மெதுவாய் ஓட்டேல்லை ஐயா. இது வாற கடல்," என்றார் இன்னாசித்தம்பி. தீவில் இறங்கிய ஜெயரூபன் ஒருவரோடும் பேசாமல் அதே வள்ளத்தில் திரும்பிப் போனார். எஞ்சின் அதே சத்தத்தில் ஓடியது, காற்று இல்லை, அலை இல்லை, உட்கார்ந்து இரண்டு கொட்டாவி விடுவதற்குள் ஊர்காவற்றுறை வந்துவிட்டது. கரையில் வலை காய்ந்துகொண்டிருந்த கம்பி வளையங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். மறுபடியும் ஏறித் தீவுக்கு வந்தார். கட்டடத்துக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். டெனிஸ்ரன் படிவத்தை நீட்ட, எண் என்ற இடத்தில் ஏழாயிரத்து ஐந்நூறு என்று எழுதினார். அந்த வரி மைக்ரோசெக்கனை மேலும் ஆயிரமாக வெட்டிய துண்டில் கணக்குக் கேட்கும். காரணம் என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கடைசியில் "கடலின் வழக்கம்" என்று எழுதி, ஒப்பமிட்டு, திகதி போட்டார். கம்பனியின் கோப்பில் அந்தப் படிவம் இன்றும் இருக்கிறது.

அன்று ஆறு மணிக்கே மீனலோசனி ஆளிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். டெனிஸ்ரன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயரூபன் கதிரையில் இருக்காமல் நின்றார். ஆறு இருபதுக்கு வீடுகளில் விளக்குகள் ஏறின. ஆறு இருபத்தெட்டுக்கு ஐஸ் மெசின் உறுமத் தொடங்கியது. ஆறு முப்பது. மீனலோசனியின் கை தன்னையறியாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஆறு முப்பத்தைந்து. ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. மாக்கிறேற்தான்.

"அக்கா, ரீவியிலை நாடகம் துவங்கி ஓடிக்கொண்டிருக்கு. சிலிண்டரைத் திறக்கவோ விடவோ எண்டு அண்ணை கேக்கிறார்."

"மெசின் ஓடுதோ?"

"ஓடுது. நல்லாய் ஓடுது. பொறுங்கோ, அண்ணை ஏதோ சொல்றார்."

தியாகலிங்கத்தின் குரல் மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு வந்தது. "உம்மை எப்ப வீட்டை விடுவினமாம்? எனக்குப் பசிக்குது."

மீனலோசனி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். டெனிஸ்ரனும் ஜெயரூபனும் திரையில் பார்க்க ஒன்றும் இல்லாதபோதும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் முகத்தைத் துடைத்து, ஆளி அறையைப் பூட்டிவிட்டு, கட்டடம் வந்த நாளிலிருந்து முதல் முறையாக ஆறே முக்காலுக்கு வீட்டுப் பக்கம் நடந்தாள். சனிக்கிழமை வள்ளத்தின் அணியத்தில் ஒதுக்கி வைத்த இடத்தில் ஒரு ஆடு போனது. நாகபூசணி யன்னல் திரைச்சீலையைக் கழற்றி, தீவுக்குத் தபாலில் அனுப்பினாள். வந்து சேரக் கனநாள் பிடித்தது.

அதற்குப் பிறகு கம்பனி மற்றத் தீவுகளுக்கும் கம்பி போட்டது. இந்த முறை படத்தைப் பார்க்காமல் முதலில் வள்ளக்காரர்களைக் கேட்டார்கள். நெடுந்தீவிலிருந்து போக ஒன்பது லீற்றர், வரப் பத்து என்று சொன்னார்கள், அப்படியே எழுதினார்கள். நயினாதீவில் திருவிழாப் பதினைந்து நாளும் வருகிற கடல் சுருங்கிவிடும் என்பதால் அந்த நாட்களுக்குத் தனி எண் போடவேண்டியிருந்தது. ஜெயரூபன் இளம் எஞ்சினியர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது, போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றென்று மணிக்கூடுதான் நினைக்கும், நீங்கள் நினைக்கக் கூடாது என்று சொல்வாராம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். டெனிஸ்ரன் ஊர்காவற்றுறையில் கலியாணம் கட்டினான். அனலைதீவில் மின்சாரம் புயல் அடித்த இரண்டு நாளும், காகம் ஒன்று கம்பத்தில் மாட்டிய ஒரு நாளும் தவிர நிற்கவில்லை. அனுமதிக் கடிதம் ஒருநாள் வந்து, புதிய செய்மதி வாங்கியைப் பூட்டிப் பார்த்தபோது, இழைவழி வந்த நேரமும் வானத்து நேரமும் ஒன்றாக இருந்தன. ஒருவரும் அதிசயப்படவில்லை.

தியாகலிங்கம் மூன்று வருடமும் நாலு மாதமும் இருந்தார். அதற்குள், வெளியூரில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளின் கலியாணத்தைக் கதிரையில் இருந்து பார்த்தார். முற்றத்து மாமரம் முதல் முறை காய்த்து, அதில் இரண்டு பழம் தின்றார். கடைசி மாதங்களில் பேச்சுக் குறைந்தது, பகிடி மட்டும் குறையவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, மீனலோசனி பக்கத்தில் இருந்து அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தபோது, ஒரு மூச்சு விட்டார், அடுத்த மூச்சை எடுக்கவில்லை. சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில். அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. மெசின் ஓடிக்கொண்டே இருந்தது, குழாய்வழியே ஒருவரும் வாங்காத மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவள் அவருடைய மூக்கிலிருந்து குழாயை மெல்லக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். பிறகு எழும்பிப் போய், சுவரில் ஆளியைத் தானே நிறுத்தினாள். அந்த மெசின் இழுத்த அளவு குறைந்தது. ஊர்காவற்றுறைப் பெட்டி, இந்தக் கணத்தில் இவ்வளவு குறைத்து அனுப்பினேன் என்றது. அனலைதீவுப் பெட்டி, இதே கணத்தில் அவ்வளவு குறைந்துதான் வந்தது என்றது. இரண்டும் ஒத்துப்போயின. தீவில் வேறெதுவும் நிற்கவில்லை.